வோட்டுக்குச் சொல்லப் போனது

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் சண்முகலிங்கத்தைத் தெரியாத தமிழர் இருக்கலாம். அவருடைய வெள்ளை வானைத் தெரியாதவர் இருக்க முடியாது. தேர்தல் நாளென்றால் விடியவே அதைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்திவிடுவார். முழங்கால் நோகிறவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க முடியாதவர்கள், எந்தக் கட்சி எதைக் கேட்கிறது என்று தெரியாதவர்கள் எல்லாரையும் ஏற்றிப் பள்ளிக்கூட ஜிம்மில் இறக்கி, வோட்டுப் போட்டு முடியத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடுவார். வானுக்குள் பிளாஸ்க்கில் தேத்தண்ணீரும் துணி மூடிய சட்டியில் மீன் ரோல்ஸும் இருக்கும். ரோல்ஸ் அவர் மனைவி யோகராணி பொரித்தது. சனம் வாறது வானுக்கோ ரோல்ஸுக்கோ என்று நக்கலடிக்கிறவர்கள் உண்டு. சண்முகலிங்கம் அந்த நக்கலுக்கு ஒருநாளும் சிரித்ததில்லை.

மற்ற நாட்களில் அவர் சென்ட் லோரன்டில் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அலுமினியச் சட்டத்துக்குள் கண்ணாடியை இறக்கி, சுற்றிவர ரப்பர் வைத்து அடிக்கிற வேலை. அங்கே அவர் ‘ஷான்’. பாரம் தூக்கித் தூக்கி இடுப்பும் நாரியும் போனதுதான் மிச்சம். ஆனால் தேர்தலன்று கவுன்சிலரே வந்து தோளில் கைபோட்டுப் படம் எடுப்பார். அந்தப் படம் சட்டம் போட்டு ஹோலில் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்க்காவிட்டால் பார்க்கும்வரை அவர் அதன் கீழேயே நின்று கதைப்பார்.

அந்தக் கவுன்சிலர் பாதித் தவணையில் வருத்தம் வந்து, ஆஸ்பத்திரியில் படுத்து, பதவியை விட்டார். இடைத்தேர்தல் அறிவித்தார்கள். முழுத் தேர்தலுக்கே இந்த ஊரில் பாதிச் சனம் வருவதில்லை. இடைத்தேர்தலென்றால் கேட்க வேண்டாம், அப்படி ஒன்று நடக்கிறதே பலருக்குத் தெரியாது. யார் வேட்பாளர் என்று கட்சி யோசித்துக்கொண்டிருந்த நேரம், கட்சி அமைப்பாளர் றெனோல்ட் போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். சண்முகலிங்கத்துக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. இருபது வருசம் வான் ஓட்டியவருக்கு சபையில் உட்கார ஒரு கதிரை கிடைக்கக் கூடாதா?

அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது வானில் கூட வருகிற அருமைராசாவிடம் அதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

“கேட்டால் உடனை ஓமெண்டு சொல்லக்கூடாது, என்ன?”

“ஏன் அண்ணை?”

“அலைஞ்சு திரியிறன் எண்டு நினைப்பாங்கள். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லுவம்.”

“உங்களுக்குப் பிரெஞ்சு?”

“அதுக்கு ஆள் வைப்பாங்கள் ஐசே. நீர் வேற.”

ஞாயிற்றுக்கிழமை கோட் போட்டு, மீசைக்கு மை பூசி, படத்துக்குக் கீழே உட்கார்ந்தார். யோகராணி இடியப்பம் அவித்து, ஆட்டிறைச்சிக் கறியும் சொதியும் வைத்தாள். றெனோல்ட் இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் நூல் சுற்றுவதுபோல் சுற்றிச் சாப்பிட்டார். முதலில் சண்முகலிங்கத்துடன் ஆங்கிலத்தில் வெயிலையும் பனியையும் பற்றிக் கதைத்தார். பிறகு சொதி விட வந்த யோகராணியைப் பார்த்துப் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினார். அவள் பதினைந்து வருசமாகக் கார்டெரியில், அந்தப் பகுதிச் சின்னப்பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், வேலை செய்கிறவள். பிரெஞ்சு அவள் வாயில் தண்ணீராய் ஓடும். கதை நீண்டுகொண்டே போனது. தன்னைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று சண்முகலிங்கம் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். யோகராணி அகப்பையோடு அப்படியே நின்றாள்.

“என்னவாம்?” என்றார்.

“எலெக்சனில என்னைப் போடப்போகினமாம்.”

“உம்மையோ?”

“ஓம். என்னைத்தான்.”

றெனோல்ட் காரணத்தை ஆங்கிலத்தில் விளக்கினார். இடைத்தேர்தலில் கொள்கை வெல்வதில்லை, பேச்சு வெல்வதில்லை. தன் ஆட்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருகிற கட்சி வெல்லும். துண்டுப்பிரசுரம் நேராகக் குப்பைக்குப் போகிறது, தெரியாத நம்பர் என்றால் யாரும் போன் எடுப்பதில்லை. வழக்கமாக வோட்டுப் போடுகிறவர்களையே திரும்பத் திரும்பக் கெஞ்சினால் போதுமென்று தலைமையகம் நினைக்கிறது. வராதவர்களை வரவைக்க வேண்டும் என்பது தன் எண்ணம். வராதவர்கள் யார்? இந்தத் தெருக்களில் பிள்ளை வளர்க்கிறவர்கள். அவர்கள் யாருக்குக் கதவு திறப்பார்கள்? தங்கள் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டவளுக்கு. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் சண்முகலிங்கத்தின் முழங்கையைத் தட்டி, “உங்கள் வானும் இருக்கிறது, பாதி வேலை முடிந்த மாதிரி” என்றார்.

சண்முகலிங்கம் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது?

றெனோல்ட் போனபிறகு யோகராணி சட்டி கழுவியபடி சொன்னாள்:

“எனக்குப் பயமாத்தான் கிடக்குதப்பா. ஆனா விருப்பமாயும் கிடக்கு. அந்தச் சின்னனுகள் நித்திரையில மூச்சு இழுக்கிற சத்தம் எனக்கு வீட்டை வந்தும் கேக்குது. அதுகள் இருக்கிற வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம். வீட்டுக்காரன் அதுக்கு மேலயே பெயின்ட் அடிச்சிட்டுப் போறான். அதைக் கதைக்க எனக்கொரு இடம் வேணும்.”

“நில்லுமன். நான் வேண்டாமெண்டனானோ?”

வேண்டாமென்று சொல்லவில்லைதான். வேண்டாமென்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்து ஒருவழியாக ஆறியிருக்கும். சொல்லாததால் அது உள்ளுக்குள்ளேயே கிடந்து புளித்தது.

சித்திரையில் போஸ்டர் கட்டினார்கள். பனி கரைந்து, குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்த ஊத்தையெல்லாம் வெளியே வந்து, தெருவில் குண்டும் குழியுமாகத் தண்ணீர் நிற்கிற மாதம். லைட் கம்பத்துக்குக் கம்பம் யோகராணி சிரித்தாள். அதிலே ஒரு கம்பம் இவர்கள் ஹோல் ஜன்னலுக்கு நேரே நின்றது. படத்தின் கீழே பெயர்: யோகராணி வல்லிபுரம். கியூபெக்கில் சட்டம் அப்படி. கலியாணம் கட்டினாலும் பெண்ணுக்கு எழுத்தில் பிறந்த பெயர்தான். இத்தனை வருசம் அது வரித்தாளிலும் மருத்துவ அட்டையிலும் கிடந்ததால் சண்முகலிங்கம் பொருட்படுத்தவில்லை. இப்போது கம்பத்தில் பார்த்ததும் நெஞ்சில் முள் ஏறியது. பருத்தித்துறையில் கண்மூடிய மாமனாருக்கு மொன்றியல் முழுக்கப் பெயர். உயிரோடு சுவாசிக்கிற புருசனுக்கு ஓரிடத்திலும் இல்லை.

ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டார். வெயில் கண்ணில் குத்துகிறதாம். அந்த ஜன்னல் வடக்குப் பார்த்த ஜன்னல்.

தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அருமைராசா சும்மா இருக்கவில்லை.

“அண்ணை, அக்கான்ர படம் நல்ல வடிவா வந்திருக்கு.”

“ம்.”

“எங்கட வீட்டுக்கு முன்னாலயும் ஒண்டு கட்டியிருக்கிறாங்கள். மனுசி நிண்டு கும்பிடாத குறை.”

“சாப்பிடும் ஐசே. புட்டு ஆறுது.”

“நீங்கள் ஏன் ஒருமாதிரி இருக்கிறியள்?”

“ஒருமாதிரியுமில்லை. உழைச்சது ஒருத்தன், பேர் இன்னொருத்தருக்கு. உலகத்தில இது புதிசோ?”

“இன்னொருத்தர் இல்லையே அண்ணை. உங்கட மனுசிதானே?”

அதுதான் வில்லங்கம். இன்னொருத்தனென்றால் நாலு தூஷணத்தால் பேசி மனம் ஆறலாம். ஒரே கட்டிலில் படுக்கிறவள்மேல் வருகிற எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

யோகராணி கட்சி கொடுத்த துண்டுப்பிரசுரங்களைப் பார்த்தாள். ஒரு பெட்டி நிறைய இருந்தது. இதை வாசலில் எறிந்துவிட்டுப் போனால் எங்கள் சனம் வராது என்று அவளுக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்கு எதற்கும் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். கலியாணமென்றாலும் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடென்றாலும் கார்டைத் தபாலில் போட்டால் அது அழைப்பில்லை. புருசனும் பெஞ்சாதியுமாகப் படியேறி, உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்து, கட்டாயம் வந்திட வேணும் என்று வாயால் சொல்ல வேண்டும். ‘எங்களுக்கு ஆர் சொன்னது?’ என்ற ஒரு கேள்வியில் பத்து வருச உறவு அறுந்த வீடுகள் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் உண்டு. இடைத்தேர்தலுக்குச் சனம் வராததும் அதனால்தான் என்று யோகராணி கண்டுபிடித்தாள். கட்சிகள் கடதாசி அனுப்பின, ஒருவரும் வந்து சொல்லவில்லை.

“நான் வீடு வீடாப் போய்ச் சொல்லப்போறன்,” என்றாள். “நீங்களும் வாங்கோவன். ரெண்டு பேருமாப் போனால்தானே முறை.”

“எனக்கு நாரிப்பிடிப்பு. படியேற ஏலாது.”

“லிப்ட் இருக்கிற கட்டடத்துக்கெண்டாலும் வாங்கோவன்.”

“உம்மட படம்தானே ஊர் முழுக்கத் தொங்குது. நான் வந்து என்ன காட்டவோ?”

அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு தனியே போனாள்.

முதலில் போனது நல்லம்மாவின் வீட்டுக்கு. அந்த நாலு மாடிக் கட்டடத்துத் தமிழருக்குள் வயதில் மூத்தவர் அவர். நல்லம்மா ஓமென்றால் நாலு மாடியும் ஓம். கதவு திறந்ததும் யோகராணியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சி, உள்ளே இருத்தி, பயத்தம்பணியாரம் எடுத்து வைத்தார்.

“எலெக்சன் வருதம்மா. நீங்கள் எல்லாரும் கட்டாயம் வரவேணும்.”

“வராமல் என்ன பிள்ளை? எங்கட ஒரு பொம்பிளை நிக்குது எண்டால் சும்மாவே?” நல்லம்மா கதவுப்பக்கம் எட்டிப் பார்த்தார். “எங்கை, தம்பி வானை நிப்பாட்டுறாரோ?”

“அவர் வரேல்லை. வேலை.”

“பின்னேரத்திலயுமோ?”

“நாரிப்பிடிப்பும் இருக்கு.”

“ம்,” என்றார் நல்லம்மா.

அந்த ‘ம்’ அடுத்த வீட்டிலும் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும் கேட்டது. எல்லாரும் அன்பாகத்தான் இருத்தினார்கள், தேத்தண்ணீர் தந்தார்கள். எல்லாரும் ஒருதரம் கதவுப்பக்கம் பார்த்தார்கள். வங்காளிகள் வீட்டிலும் பஞ்சாபிகள் வீட்டிலும் ஹெயிட்டிக்காரர் வீட்டிலும் யாரும் புருசனைக் கேட்கவில்லை. அங்கே அவள் கார்டெரி டீச்சர், அது போதும். தன் சனத்திடம்தான் அவள் அரை ஆள்.

வீட்டுக்கு வந்து ஈரச் சப்பாத்தைக் கழற்றியபோது சண்முகலிங்கம் டிவியைப் பார்த்தபடி கேட்டார்.

“என்னவாம் சனம்?”

“உங்களைத்தான் கேக்கினம்.”

“மெய்யே?”

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். இன்னொருக்கால் வாங்கோவென்று அவள் சொல்வாள் என்று பார்த்தார். சொல்லியிருந்தால் நாரியும் நொந்திராது, படியும் உயர்ந்திராது. அவளோ ஒருதரம் கேட்டு வாங்கிக் கட்டியாயிற்று. குசினிக்குள் போய் மத்தியானத்துக் கறியைச் சூடாக்கினாள். அதன்பிறகு தேர்தல் முடியும்வரை அவள் கேட்கவேயில்லை.

ஒரு சனிக்கிழமை தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது நல்லம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நான் முகத்துக்கு நேர கேக்கிறன். உமக்கு இது விருப்பமோ இல்லையோ?”

“எது அம்மா?”

“தெரியாத மாதிரிக் கதையாதையும். பிள்ளை தனியத் தனிய வந்து சொல்லிப்போட்டுப் போகுது. நீர் எட்டியும் பாக்கேல்லை. சனம் என்ன நினைக்கும்? மனுசனுக்கு விருப்பமில்லை, மனுசி அடங்காமல் நிக்கிறா எண்டுதான் கதை.”

“நான் அப்பிடி ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையே.”

“சொல்லத்தான் வேணுமே? வராமல் விட்டாலே சொன்ன மாதிரித்தானே. நாங்கள் போய் வோட்டுப் போட்டால் உமக்குக் கோவம். மற்றவனுக்குப் போட்டால் அவளுக்குத் துரோகம். உந்த வில்லங்கத்துக்குப் பேசாமல் வீட்டில இருக்கலாம் எண்டு நாலு மாடியிலயும் சொல்லுதுகள்.”

“ஐயோ, அப்பிடியோ?” என்றார் சண்முகலிங்கம்.

முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டார். ஆனால் உள்ளே கற்கண்டு கரைந்தது. இத்தனை நாளில் முதன்முதலாக அவருக்கு மூச்சு நன்றாக வந்தது. பிரெஞ்சு இருந்தென்ன, கம்பத்துக்குக் கம்பம் சிரித்தென்ன, சண்முகலிங்கம் வந்து சொன்னால்தான் சனம் அசையும்! நல்ல முருங்கைக்காயாகப் பார்த்து இரண்டு கட்டு வாங்கினார். அன்று பின்னேரம் சீட்டியடித்தபடி அவரே நறுக்கிக் கொடுத்தார். யோகராணி அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கறியை அடுப்பில் வைத்தாள்.

தேர்தலுக்கு முன் ஞாயிறு, முற்கூட்டியே வோட்டுப் போடுகிற நாள். தமிழர் ஒருவரும் வரக் காணோமென்று றெனோல்ட் பதறிக்கொண்டு போன் எடுத்தார். வான் வேண்டுமாம். பிரேக் பிழை, கராஜுக்குக் கொடுக்க வேண்டும் என்று சண்முகலிங்கம் சொன்னார். அடுத்த நாள் வேலைக்கு ஏறும்போது அருமைராசா தயங்கினான்.

“அண்ணை, பிரேக் பிழையாமே?”

“ஆர் சொன்னது?”

“நீங்கள்தானாம் சொன்னது. ஏறலாமோ?”

“ஏறும்.”

“பிழை எண்டால் ஏன் வேலைக்கு ஓடுறியள்? பிழையில்லை எண்டால் ஏன் அக்காவுக்கு ஓடேல்லை?”

“அருமைராசா, உமக்கு பஸ் காசு மிச்சம். வாயைப் பொத்திக்கொண்டு வாரும்.”

தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்பார்கள். இங்கே எதிரி எங்கே, மூக்கு எங்கே? இரண்டும் ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றன. அதைக் கேட்கிற தைரியம் அருமைராசாவுக்கு இல்லை.

தேர்தலன்று மழையும் பனியும் கலந்து கொட்டியது. யோகராணி இருட்டோடு எழும்பிப் போய்விட்டாள். ரோல்ஸ் பொரிக்கவில்லை. சண்முகலிங்கம் திரை மூடிய ஹோலில் தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தேர்தலிலும் இந்த நேரம் போன் அடித்தபடி இருக்கும். இன்று அடிக்கவில்லை. எழுந்து போய் நல்லம்மா வீட்டுக் கதவைத் தட்டி, வாங்கோ என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும். இரண்டுதரம் கோட்டை எடுத்துப் போட்டார். அவள் ஒரு போன் எடுக்கட்டும், ஒருக்கால் கேட்கட்டும் என்று இரண்டுதரமும் கழற்றினார்.

பின்னேரம் போய்த் தன் வோட்டைப் போட்டார். ஜிம் வெறிச்சோடிக் கிடந்தது. மேசைகளில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி பின்னிக்கொண்டிருந்தாள். காட்போர்ட் மறைப்புக்குள் நின்று, யோகராணி வல்லிபுரம் என்ற பெயருக்கு நேரேதான் அடையாளம் இட்டார். அதில் அவர் கள்ளம் செய்யவில்லை. அவள் தோற்க வேண்டுமென்று அவர் நினைத்ததேயில்லை. தான் இல்லாமல் அவள் வெல்லக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் தோற்றாள். பெரிய வித்தியாசமில்லை. வங்காளிகளும் ஹெயிட்டிக்காரரும் இருக்கிற தெருக்களில் முன்னொருபோதும் வராத அளவுக்குச் சனம் வந்து அவளுக்குப் போட்டிருந்தது. தமிழர் இருக்கிற கட்டடங்களின் பெட்டிகள்தான் கிட்டத்தட்டக் காலி. மற்றக் கட்சியிலிருந்து ஒரு இன்சூரன்ஸ்காரர் வென்று கவுன்சிலராக வந்தார்.

வீட்டுக்கு வந்த யோகராணி அழுவாள், ஏசுவாள் என்று சண்முகலிங்கம் ஆயத்தமாக இருந்தார். ஏசினால் திருப்பி ஏசப் பதில்கூட வைத்திருந்தார். அவள் முகம் கழுவிவிட்டு வந்து, “சாப்பிட்டீங்களே?” என்று கேட்டாள். அடுத்த நாள் வழக்கம்போல் கார்டெரிக்குப் போனாள். அங்கே ஒரு குழந்தை மூச்சு இழுத்ததைப் பற்றி மட்டும் பின்னேரம் இரண்டு சொல்லுச் சொன்னாள். சண்முகலிங்கத்துக்கு அது ஏச்சைவிடக் கூடுதலாக நொந்தது.

போஸ்டரெல்லாம் கழற்றி முடிந்த வாரம் றெனோல்ட் திரும்ப வந்தார். இம்முறை தலைமையகத்திலிருந்து ஒரு அம்மாவும் கூட வந்தார். அந்த அம்மாவுக்குப் பிரெஞ்சு மட்டும்தான் வாயில் வரும். யோகராணி தேத்தண்ணீரும் கட்லட்டும் வைத்துவிட்டு, மொழிபெயர்க்க நடுவிலே உட்கார்ந்தாள். அம்மா நீளமாகப் பேசினார். யோகராணி குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு புருசனைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.

“தமிழாக்களின்ர பெட்டியளைப் பாத்தவையாம். முந்தி நீங்கள் வான் ஓடேக்கை எவ்வளவு சனம் வந்தது, இந்தமுறை எவ்வளவு வந்தது எண்டு ஒப்பிட்டுப் பாத்தவையாம்.”

“ம்.”

“உங்கட சொல்லுக்குத்தான் சனம் வருமெண்டு இப்பதான் விளங்கினதாம். அது தெரியாமல் பிழை விட்டிட்டினமாம். உங்களிட்டை மன்னிப்புக் கேக்கினம்.”

அவள் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை, ஒரு சொல்லையும் கூட்டவில்லை. பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிற அதே குரல். சண்முகலிங்கத்துக்குக் காது சுட்டது.

“அடுத்த முழுத் தேர்தலுக்கு உங்களைத்தான் போடப்போகினமாம். பிரெஞ்சு பிரச்சினையில்லையாம், படிப்பிக்கலாமாம். ஓமோ எண்டு கேக்கினம்.”

இருபது வருசம் காத்திருந்த கேள்வி. அதை அவர் மனதுக்குள் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார், குளிக்கும்போது, வான் ஓடும்போது, கண்ணாடிக்கு ரப்பர் அடிக்கும்போது. யோகராணியின் வாயால் கேட்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

“நீர் என்ன சொல்லுறீர்?” என்றார்.

“எலெக்சனில நில்லுங்கோ,” என்றாள் யோகராணி. “நான் உங்களோட வந்து எல்லா வீட்டுக்கும் சொல்லுறன். ரெண்டு பேருமாப் போனால் சனம் கட்டாயம் வரும். பேந்து அந்தப் பூஞ்சணக் கதையை நீங்கள் அங்கை கதையுங்கோ. ஆர் கதைச்சால் என்ன?”

சண்முகலிங்கம் அவள் முகத்தில் குத்தலைத் தேடினார். ஒரு துளி குத்தல் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு எழும்பியிருப்பார். கண்ணிலும் இல்லை, வாயிலும் இல்லை. களைப்பு மட்டும் கொஞ்சம் இருந்தது.

இருவரும் என்ன கதைத்தார்கள் என்று றெனோல்ட் கேட்டார். யோகராணி தான் சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னாள். தலைமையக அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். றெனோல்ட் யோகராணியைப் பார்த்தார். கட்சிக்காரன் வோட்டைப் பார்க்கிற பார்வையில்லை அது. ஒருவர் இன்னொருவருக்கு மரியாதையாக மனதுக்குள் எழும்பி நிற்கிற பார்வை. இருபது வருசம் வானைக் கழுவித் துடைத்து ஓடியும் அப்படியொரு பார்வை சண்முகலிங்கத்தின்மேல் ஒருநாளும் விழுந்ததில்லை.

“ஓமெண்டு சொல்லட்டோ?” என்று யோகராணி கேட்டாள்.

அவர் சுவரில் தொங்கிய தன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். தோற்றவள் அவள். கதிரை தேடி வந்தது தன்னை. அப்படியிருந்தும் அந்த நேரம், அந்த மேசையில், அவருக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. இது இனி மாறாது என்றும் அவருக்குத் தெரிந்தது.